ஜோசியரிடம் சொல்லலாம், டாக்டரிடம் சொல்லக் கூடாதா?

போன மாதம் எங்கள் கல்லூரியில் ஒரு கூட்டம். தலைப்பு: "மன அழுத்தத்தை வெல்வது எப்படி?" குத்துவிளக்கு, பொன்னாடை, பூங்கொத்து எல்லாம் முடிந்து சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்தார். "வெள்ளைக்காரனுக்கு கவுன்சிலிங் தேவை. ஏன்னா, சாய்ஞ்சு அழ அவனுக்குத் தோள் கிடையாது. நமக்கு அம்மா இருக்கா, அப்பா இருக்கார், தாத்தா பாட்டி இருக்காங்க. நம்ம கலாச்சாரமே ஒரு பெரிய ட்ரீட்மெண்ட்!" என்றார். அரங்கமே அதிர்ந்தது. நானும் கைதட்டினேன். (முன் வரிசையில் துறைத்தலைவர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வேறென்ன செய்ய?)

ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதில் பாதி உண்மை, பாதி ஜல்லி. அந்த ஜல்லியைக் கொஞ்சம் சலித்துப் பார்ப்போம் என்றுதான் இதை எழுதுகிறேன். கூடப் படிக்கிறவர்கள் யாராவது "இது நம்ம பய மாதிரி இருக்கே" என்று கண்டுபிடித்தால், தயவுசெய்து மெஸ்ஸில் உட்கார்ந்து விவாதிக்க வேண்டாம்.

முதலில், தமிழன் வெளியாளிடம் மனதைத் திறக்க மாட்டான் என்பதே சுத்தப் பொய். ஜோசியரிடம் போகிறோம். ஜாதகத்தை விரித்ததும் மாமியார் சண்டை, மகன் படிப்பு, புருஷன் குடி, கடன் என்று எல்லாவற்றையும் கொட்டுகிறோம். காசும் கொடுக்கிறோம். கோடங்கியிடம் போகிறோம். பாவமன்னிப்புக் கூண்டில் ஃபாதரிடம் சொல்கிறோம். தர்காவில் ஹஜ்ரத்திடம் சொல்கிறோம். வார இதழ் கேள்வி-பதில் பகுதிக்கு "பெயர் வெளியிட விரும்பாத வாசகி" என்று எழுதிப் போடுகிறோம். இதெல்லாம் போகட்டும், ராத்திரி ரயிலில் எதிர் பெர்த்காரரிடம் விழுப்புரம் தாண்டுவதற்குள் சொந்த வாழ்க்கை முழுவதையும் சொல்லி முடிக்கிற ஜனங்கள் நாம்! அவர் எழும்பூரில் இறங்கிப் போய்விடுவார், மறுபடி பார்க்கப் போவதில்லை. அந்த தைரியம்தான்.

ஆக, சொல்வதில் நமக்குத் தயக்கமே கிடையாது. சொன்னது ஊருக்குத் திரும்பி வந்துவிடுமோ என்பதில்தான் பயம். உளச்சிகிச்சை தருகிறவரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிற, நம் சொந்தக்காரர் அல்லாத ஒரு ஆள்தான். ஆனால் அவர் வாசலில் போர்டு தொங்குகிறது. "மனநல மருத்துவமனை" என்று கொட்டை எழுத்தில். உள்ளே போகிறபோது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் பெரியப்பா மகன் பார்த்துவிடுவான். ஜோசியர் வீட்டு வாசலில் பார்த்தால், "என்னண்ணே, பொண்ணுக்கு வரன் பார்க்கறீங்களா?" என்று கேட்பான். இங்கே பார்த்தால் ஒன்றும் கேட்க மாட்டான். நேரே வீட்டுக்குப் போய்ச் சொல்வான்.

இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. ஜோசியர் குற்றத்தைத் தூக்கி சனீஸ்வரன் தலையில் போட்டுவிடுகிறார். ஏழரைச் சனி, ரெண்டரை வருஷம் பாக்கி, திருநள்ளாறு போய் வாங்க. வீட்டில் இருக்கிற யார் மேலும் பழி இல்லை. குடும்பமே வேன் பிடித்துப் போய் வரலாம். கோடங்கி அதைப் புளியமரத்துக் காத்துகருப்பின் மேல் போடுகிறார். உளச்சிகிச்சைக்காரர் மட்டும்தான் "வீட்ல ராத்திரி என்ன நடக்கும்? அப்பா எப்படிப் பேசுவார்? நீங்க சின்ன வயசுல யாரைப் பார்த்துப் பயப்படுவீங்க?" என்று கேட்டுத் தொலைக்கிறார். அதற்குப் பதில் சொன்னால் வீட்டுப் பெரியவர்கள் மேல் பேச்சு போகும். பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே, வீட்டு விஷயம் வாசப்படி தாண்டக் கூடாது, பொறுத்தார் பூமி ஆள்வார்... நமக்கு ஊட்டி வளர்த்த மூன்று பாடங்களும் அந்த ஒரு கேள்வியில் அடிபட்டுப் போகின்றன. அதனால்தான் சனிக்கு எள் விளக்கு போடுகிற அதே குடும்பம், "அந்தாளு வீட்டைப் பிரிக்கப் பார்க்கிறான்" என்று டாக்டரைத் திட்டுகிறது.

வாய் சொல்ல முடியாததை உடம்பு சொல்லிவிடும். நெஞ்சு படபடப்பு, தலைக்குள்ளே பாரம், கைகால் எரிச்சல், வயிற்றைப் பிசைகிறது. தெருமுனை டாக்டரிடம் போனால் ஒரு ஊசி, ஒரு சத்து மாத்திரை, கேட்டால் குளுக்கோஸ். "டிரிப்ஸ் ஏத்தினதும் கொஞ்சம் தெம்பா இருக்கு" என்று வந்து படுத்துக்கொள்வார்கள். அடுத்த மாதம் மறுபடி. இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. "மனசு சரியில்லை" என்று ஒரு பெண் சொன்னால், "வேலை இல்லைன்னா இப்படித்தான்" என்று பதில் வரும். "தலை சுத்துது" என்றால்தான் ஒரு மணி நேரம் படுக்க விடுவார்கள்.

இந்த விஷயத்தை யார் பேசினாலும் கடைசியில் "மக்களிடம் விழிப்புணர்வு இல்லை" என்று முடிப்பார்கள். என் சண்டை இந்த வாக்கியத்தோடுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. பெரியவர்களில் சுமார் 10.6 சதவீதம் பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். இத்தனை பேரும் போஸ்டர் பார்க்காததால்தான் போகவில்லையா? அட போங்கய்யா! ஜனங்களுக்கு நன்றாகவே தெரியும். போனால் என்ன கிடைக்கும், போனது தெரிந்தால் என்ன போகும் என்று கணக்குப் போட்டுத்தான் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கஷ்டம் என்னவென்றால், அந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது.

என் அத்தை கதையைச் சொன்னால் புரியும். எங்கள் ஊர் திருச்சிக்குப் பக்கம். அத்தைக்கு முதல் பிரசவம் முடிந்த பத்தாம் நாளிலிருந்து தூக்கமே இல்லை. குழந்தையைத் தூக்க மாட்டாராம். "இது என் புள்ளை இல்லை" என்பாராம். பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு வருகிற நோய், மருந்து கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று பச்சை உடம்புக்காரியைக் காத்து அடித்துவிட்டது என்று முடிவு செய்து, பக்கத்து ஊர்க் கோடங்கியை வரவழைத்து மூன்று ராத்திரி உடுக்கை அடித்தார்கள். வேப்பிலை, எலுமிச்சை, சாட்டை எல்லாம். நாலாவது வாரம் தாத்தாவே மனசு கேட்காமல் டவுனுக்கு அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டினார். மாத்திரையில் அத்தை தேறிவிட்டார். நன்றாகக் கவனியுங்கள், தேறிவிட்டார். ஆனால் அந்த மருந்துச் சீட்டு எப்படியோ மாமா வீட்டார் கண்ணில் பட்டுவிட்டது. உடுக்கை அடித்த மூன்று ராத்திரியும் கூடவே உட்கார்ந்திருந்த அதே ஆட்கள், சீட்டைப் பார்த்ததும் "பைத்தியத்தைக் கட்டி வெச்சு ஏமாத்திட்டீங்க" என்று கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். குழந்தையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பேய் பிடித்தவளோடு வாழ அவர்கள் தயாராகத்தான் இருந்தார்கள். பேய் போய்விடும், ஊரும் மறந்துவிடும். மருந்துச் சீட்டு அப்படிப் போகாது. "பரம்பரையிலேயே இருக்குமோ?" என்ற ஒரு கேள்வியில் அத்தையின் தங்கை, அண்ணன் பிள்ளைகள் என்று அத்தனை பேர் கல்யாணமும் மாட்டிக்கொள்ளும். இந்த ஊரில் நோய் ஒருத்தருக்கு வந்தாலும் விலை கொடுப்பது மொத்தக் குடும்பம். அப்புறம் ஏன் மூடி மறைக்க மாட்டார்கள்?

சட்டமாவது கைகொடுக்குமா என்று பார்த்தால், 1955ஆம் வருட இந்து திருமணச் சட்டத்தின் 13வது பிரிவில் மனநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணம். சேர்ந்து வாழவே முடியாத அளவுக்கு இருக்க வேண்டும் என்று நிபந்தனை உண்டு. வெறும் நோயின் பெயரைச் சொன்னால் போதாது என்று உச்ச நீதிமன்றமும் 1988ல் சொல்லிவிட்டது. வாஸ்தவம். ஆனால் வரன் பார்க்கிற புரோக்கர் தீர்ப்பையா படிக்கிறார்? அதே சட்டத்தின் 5வது பிரிவில் வலிப்பு நோயும் கல்யாணத்துக்குத் தடையாக இருந்தது, அதை 1999ல்தான் தூக்கினார்கள். கையில் சாவிக்கொத்தைக் கொடுத்த காலம் போய், வலிப்பு இன்று ஓரளவு சாதாரண வியாதியாகி வருகிறது. மனதுக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை.

கீழ்ப்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸில் மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி 1794லேயே தொடங்கி, 1871ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. ஆசியாவிலேயே பழைய மனநல நிலையங்களில் அதுவும் ஒன்று. நமக்கு அது பெருமையாகப் படவில்லை, திட்டுகிற வார்த்தையாகத்தான் கிடைத்தது. "கீழ்ப்பாக்கம் கேஸு." சினிமாவைச் சொல்லவே வேண்டாம். 2005ல் சந்திரமுகி வந்தது. அமெரிக்கா போய் வந்த மனநல டாக்டராக ரஜினியே வருகிறார், ஆனாலும் கடைசியில் மந்திரவாதியின் துணை இல்லாமல் வைத்தியம் முடிவதில்லை. படத்தைக் குறை சொல்லவில்லை, நான் எட்டு தடவை பார்த்தவன். ஆனால் நம் ஆட்கள் டாக்டரை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால் பக்கத்தில் ஒரு யந்திரமும் குங்குமமும் வேண்டியிருக்கிறது பாருங்கள்!

ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, தர்கா ஊரில் தனியார் நடத்திய ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள். அப்போது எல்லோரும் மூட நம்பிக்கை, மூட நம்பிக்கை என்று எழுதினார்கள். நம்பிக்கை ஒரு பாதிதான். இன்னொரு பாதி, அந்த இடம் சொந்த ஊரிலிருந்து வெகு தூரம். ராமநாதபுரம் கடற்கரையில் கொண்டுபோய் விட்டால் பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. "அண்ணன் எங்கே?" என்றால் "வெளியூர்ல வேலை" என்று சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சங்கிலியில் மதத்தைவிட மானம்தான் அதிகம் இருந்தது என்று நான் நினைக்கிறேன். பிறகு அரசு அந்தக் காப்பகங்களை மூடியது. இப்போது அதே ஏர்வாடியில் துவாவோடு மருந்தும் கிடைக்கிற மாதிரி டாக்டர்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள். இது புத்திசாலித்தனம். நம்பிக்கையோடு வருகிறவரைத் தடுக்காமல், யாருக்கும் சந்தேகம் வராத இடத்திலேயே மாத்திரையைக் கையில் கொடுப்பது.

சரி, என் கதை. மூன்றாவது செமஸ்டரில் மூன்று பேப்பர் போச்சு. மூன்று வாரம் சரியாகத் தூங்கவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு மெஸ்ஸில் சும்மா உட்கார்ந்திருப்பேனாம். ரூம்மேட்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், கல்லூரியின் ஆலோசனை அறைக்கு. அந்த மேடம் நாற்பது நிமிடம் கேட்டார். அத்தையைப் பற்றிச் சொன்னேன், அப்பாவைப் பற்றிச் சொன்னேன், அழுதேன். "இது நமக்குள்ளேதான் தம்பி, பயப்படாதீங்க" என்றார். வெளியே வரும்போது ஒரு மாதத்துக்கு அப்புறம் பசித்தது. சத்தியமாக. ரெண்டு புரோட்டா சாப்பிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா போன். மேடம் துறைத்தலைவரிடம் சொல்ல, அவர் அப்பாவைக் கூப்பிட்டு, "உங்க பையன் மென்டலி கொஞ்சம் டிஸ்டர்ப்டா இருக்கான்" என்றிருக்கிறார். அப்பாவுக்கு அதில் ஒரு வார்த்தைதான் கேட்டது. ராத்திரி பஸ் பிடித்து விடிகாலையில் ஹாஸ்டலுக்கு வந்துவிட்டார். திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து என் பெட்ஷீட்டை மடித்துக்கொண்டே கேட்டார்: "அத்தையைப் பார்த்தேல்லடா? தங்கச்சிக்கு மூணு வருஷத்துல முடிக்கணும். இனிமே அந்தப் பக்கம் போகாதே, என்ன?" சரிப்பா என்றேன்.

உயிருக்கே ஆபத்து என்றால் வீட்டுக்குச் சொல்லத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. என் நிலைமை அப்படி இல்லை, அவரும் அப்படி நினைக்கவில்லை. 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23வது பிரிவு, சிகிச்சை பெறுகிறவரின் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. கல்லூரி ஆலோசகர் அதில் வருவாரா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். நமக்குள்ளேதான் என்று வாக்குக் கொடுத்தாரா இல்லையா? என் கோபமெல்லாம் இதுதான்: "வெளியில சொன்னா ஊருக்குத் தெரிஞ்சிரும்" என்று எங்கள் வீட்டில் நாற்பது வருஷமாகச் சொல்லி வந்ததை, படித்த ஒரு ஆலோசகரே ஒரே நாளில் நிரூபித்துக் காட்டிவிட்டார். இனி நூறு குத்துவிளக்கு ஏற்றினாலும் எங்கள் ஹாஸ்டலிலிருந்து அந்த அறைக்கு ஒருத்தன் போவானா?

இப்போது சிறப்பு விருந்தினரின் தோளுக்கு வருவோம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர். தமிழ்நாட்டில் மட்டும் 19,834. மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்த இடம். இந்திய அளவில் காரணம் என்று போலீஸ் பதிந்ததில் முதல் இடம் "குடும்பப் பிரச்சினை", 31.7 சதவீதம். போலீஸ்காரர் எழுதுகிற காரணத்தை அப்படியே வேதமாக எடுத்துக்கொள்ள முடியாதுதான். ஒரு சாவுக்கு ஒரே காரணம் என்பதும் கிடையாது. இருந்தாலும் கேட்கிறேன், சாய்ந்து அழத் தோள் இருக்கிறது என்கிறீர்களே, அழுகைக்கே அந்தத் தோள்தான் காரணம் என்றால் எங்கே போய் அழுவது? மாமியாரால் அழுகிறவள் மாமியாரிடமா சொல்வாள்?

"இதெல்லாம் மேல்நாட்டு இறக்குமதி" என்று அடுத்து ஒரு கோஷ்டி வரும். சுகர் மாத்திரையும் அங்கிருந்து வந்ததுதான், காலையில் மறக்காமல் போட்டுக்கொள்கிறீர்களே. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தைத் தொடங்கியது 1922ல். நூறு வருஷம் தாண்டிவிட்டது, இன்னுமா அது விருந்தாளி?

ஆனால் அந்தப் பெரியவர் சொன்னதில் பாதி உண்மை என்றேன் இல்லையா, அதையும் சொல்லிவிடுகிறேன். 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்ற டாக்டர், நோயாளிகளின் குடும்பத்தை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்க வைத்தார். அவர்களும் சிகிச்சையைக் கூட இருந்து பார்த்தார்கள், கற்றுக்கொண்டார்கள், நோயாளியைத் திரும்ப வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்திலும் வீட்டார் கூடத் தங்குவதுதான் வழக்கம். குடும்பம் மருந்தாக முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே குடும்பம் கற்றுக்கொள்ள உட்கார்ந்தது. இங்கே நாட்டாமை பண்ண உட்காருகிறது.

நகரத்து உளச்சிகிச்சைக்காரர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. சென்னையில் நண்பன் ஒருவன் போனான். ஒரு மணி நேரத்துக்கு அவன் ஒரு மாத மெஸ் பில் அளவுக்குக் கட்டணம். பேச்சு முழுக்க இங்கிலீஷ். அப்பா டாக்ஸிக், எல்லையைப் போடு, போனை எடுக்காதே என்றாராம். அவன் அப்பா லாரி ஓட்டி அவனுக்கு ஃபீஸ் கட்டுகிறவர். போனை எடுக்காமல் எப்படி இருப்பது? அவனுக்கு வேண்டியது அப்பாவை வெட்டிவிடும் யோசனை இல்லை, அப்பாவிடம் பேச ஒரு வழி. மனக்கலக்கத்தைச் சொல்ல நம்மிடம் எத்தனை சொல் இருக்கிறது! மனசு அடிச்சுக்குது, விட்டுப்போச்சு, பாரமா இருக்கு, அறுக்குது, எதுலயும் ஒட்டலை. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு நிலை. இந்தச் சொற்களில் கேட்கத் தெரியாதவரிடம் எங்கள் அத்தை என்ன சொல்லியிருப்பார்?

அதனால் போஸ்டர் அடிக்கிற காசை மிச்சப்படுத்துங்கள். முதலில், சொன்னது வெளியே போகாது என்பதற்கு உத்தரவாதம் கொடுங்கள், மீறினால் வேலை போகும் என்று எழுதிக் கொடுங்கள். தனி போர்டு, தனி வாசல் வேண்டாம், காய்ச்சலுக்கும் இதற்கும் ஒரே வரிசை போதும். 2022 அக்டோபரிலிருந்து டெலி-மானஸ் என்ற அரசு இலவச எண் 14416 இருக்கிறது. தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. ரயிலில் எதிர் பெர்த்காரர் மாதிரி. நான் பேசியிருக்கிறேன், ஒரு ராத்திரி ஒன்றரை மணிக்கு.

அப்பாவுக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஒன்றும் பேசாமல் ரெண்டு நாள் இருந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கிளம்பினார். அரசு மருத்துவமனைக்கு, எங்கள் ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி. பட்டுச்சேலை எதற்கென்றால், கேட்கிறவர்களிடம் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்லத்தான். இப்போது ஆறு மாதமாக மாதா மாதம் "கோயிலுக்கு" போய் வருகிறோம். வரும் வழியில் நிஜமாகவே ஒரு கோயிலுக்கும் போகிறோம், அம்மாவுக்குப் பொய் சொல்லப் பிடிக்காது. தூக்கம் வருகிறது. ரெண்டு பேப்பர் க்ளியர் பண்ணிவிட்டேன். ஓ.பி. சீட்டை அம்மா முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். அப்பா தினமும் அந்தப் படத்துக்குத்தான் விபூதி வைக்கிறார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

தை மாதம் தங்கச்சியைப் பார்க்க வருகிறார்கள். "அண்ணன் என்ன பண்றார்?" என்று கேட்பார்கள். நான் இதைப் புனைபெயரில்தான் எழுதுகிறேன்.